சாயம் எடைபோடும் அறையிலிருந்து ஒரு கட்டுரை

மொரிஷியஸ் வந்து நான் முதன்முதலில் தடுமாறாமல் சொல்லப் பழகிய கிரியோல் வாக்கியம் வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. "பா காஞ் த்ருவா." அனுமதி கிடையாது என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உனக்கு அந்த உரிமை இல்லை' என்று இன்னும் கொஞ்சம் காரமாக வரும். உள்ளே வரலாமா என்று கேட்டால் பா காஞ் த்ருவா. இந்த இதழை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்றால் பா காஞ் த்ருவா. "வீட்டுல இன்னொரு தோசை கேக்கவே பயமா இருக்கு" என்பார் என் கணவர்.

அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து வந்தவர். நான் நூலகப் படிப்பு படித்துவிட்டு அவரோடு வந்தவள். வந்த ஆறாவது மாதமே, தீவின் நடுவில் இருக்கும் பீனிக்ஸ் என்ற ஊரில் எனக்கு வேலை கிடைத்தது. எண்பதுகளின் பிற்பாதி அது. தீவு முழுக்கத் தையல் இயந்திரச் சத்தம். கடற்கரைப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நேற்றுவரை கரும்புக் காட்டுக்குப் போன வீடுகளிலிருந்து பெண்கள் விடியும் முன்னே கம்பெனி வேன் ஏறினார்கள். அவர்கள் தைத்ததும் சாயமிட்டதும் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுமுன், சாயம் போகிறதா, வெயிலில் வெளுக்கிறதா என்று சோதித்துச் சொல்ல ஒரு சிறிய பரிசோதனைக் கூடம் இருந்தது. அதன் நூலகம்தான் என் ராஜ்ஜியம். ஒரே ஒரு அறை, நாலு கண்ணாடி அலமாரி, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம். காற்று திரும்பினால் பீர் ஆலையிலிருந்து வேகவைத்த தானிய வாசனை வரும்.

நூலகம் கூடத்து ஊழியர்களுக்கும் தொழிற்சாலை மேலாளர்களுக்கும் மட்டும். வெளியாள் வரக்கூடாது. அப்படி ஒரு பலகையை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நானே அழகாக எழுதி மாட்டியிருந்தேன். நூலகத்தின் நோக்கம் என்ன என்று தேர்வில் நாலு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். வேலைக்கு வந்ததும் நோக்கம் மறந்துவிட்டது, சாவி மட்டும் நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் குட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்த ஒரு சாயத் தொழிற்சாலையின் வேன் வரும். மாதிரித் துணி மூட்டையோடு ஒரு பெண் இறங்குவாள். சோதனை முடியும்வரை, என் கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். முப்பது வயது இருக்கும். ஒல்லி. கழுத்தில் சின்னச் சிலுவை. தமிழ் வேரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம், குடும்பப் பெயரில் மட்டும் தமிழ் பாக்கி இருந்தது. மற்றபடி அவள் பேச்சு முழுக்கக் கிரியோல்தான். அதை நான் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். அவள் நகக்கண்களில் ஒரு வாரம் சிவப்பு இருக்கும், அடுத்த வாரம் மயில்நீலம் இருக்கும். ஐரோப்பாக்காரர்கள் வரும் கோடையில் என்ன நிறம் உடுத்தப்போகிறார்கள் என்று அவள் நகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

அவள் இருமுவாள். லேசான இருமல் இல்லை, ஆரம்பித்தால் முதுகு வளையும். எனக்கு அது தொந்தரவாக இருந்தது. ஒரு நாள் கதவைத் திறந்து, "வெளில போய் இருமிட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டேன். நான் கோபக்காரி, எனக்கே தெரியும். ஆனால் இதை எழுதும்போது கோபத்தின் மேல் பழி போட மனம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் போய் இருமிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்ததும் கேட்டாள்.

"மதாம், இந்த அலமாரியில இருக்குறதெல்லாம் எதப் பத்தி?"

"துணி. நூல். சாயம் நிக்குமா, போகுமா, அதப் பத்தி."

"துணிக்கு என்ன ஆகுதுன்னு மட்டும்தானா? சாயம் கலக்குறவங்களுக்கு என்ன ஆகுதுன்னு ஒண்ணும் எழுதலையா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கைகொடுக்கும் வாக்கியம் ஒன்றுதானே இருந்தது! "அதெல்லாம் நீங்க பார்க்க முடியாது. பா காஞ் த்ருவா."

"கோரெக், மதாம்" என்றாள். சரி என்று அர்த்தம். பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் நான் ஜெயித்துவிட்டு மறந்திருப்பேன். அந்தச் 'சரி'தான் சாயங்காலம் வரை என்னைக் குடைந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டே கேட்டார், "எழுதலைன்னு சொன்னியா, தெரியலைன்னு சொன்னியா?"

"பார்க்க முடியாதுன்னு சொன்னேன்."

"சரி, நீ பார்த்தியா?"

"உங்க வாத்தியார் வேலைய பள்ளிக்கூடத்தோட வச்சுக்குங்க" என்று எழுந்து போய்விட்டேன். ஆனால் திங்கட்கிழமை முதல் வேலையாகக் குறிப்புத் தொகுதிகளை எடுத்தேன். உலகத்தில் எந்தெந்த இதழில் என்னென்ன கட்டுரை வந்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்ட கனத்த புத்தகங்கள் அவை. இரண்டு நாள் தேடினேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு வரி அகப்பட்டது. சாயப்பொடியும் மூச்சுத்திணறலும் பற்றி ஐரோப்பாவில் ஒரு மருத்துவர் எழுதியது. அவள் கேட்ட கேள்வியை அவளுக்கு முன்பே எங்கோ ஒருவர் கேட்டு, பதிலையும் எழுதி வைத்திருந்தார்! நான்தான் அலமாரிக்கு முன்னால் குறுக்கே நின்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னபோது "ஆயோ!" என்றாள். தமிழ்க்காரர்கள் விட்டுப் போன அந்த ஒரு சொல்லை இந்தத் தீவில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம்தான் தன் கதையைச் சொன்னாள். சாயப்பொடியைத் தராசில் எடைபோடுகிற சிறிய அறையில் அவளுக்கு வேலை. ஜன்னல் கிடையாது. காற்று வந்தால் பொடி பறக்குமாம். மூன்று வருடமாக இருமல். தொழிற்சாலை மருத்துவர், "உனக்கு ஆஸ்துமா. கரும்புச் சோகை எரிக்கிற புகைதான் காரணம், உங்க ஊரைச் சுத்திக் கரும்புதானே" என்கிறார். அவளுடைய சொந்த நோய் என்று அவர் எழுதிவிட்டால் வேலை போகும். வேலையால் வந்த நோய் என்று எழுதினால் தொழிற்சாலை அவளை வேறு பிரிவுக்கு மாற்றியே ஆக வேண்டும். வருடாந்திரப் பரிசோதனையில் அதைத் தீர்மானிப்பார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவன் இல்லை. ஆக, அந்த இருமல் யாருடையது என்பதில்தான் அவள் பிழைப்பு நின்றது.

அந்தக் கட்டுரை வந்த மருத்துவ இதழ் எங்களிடம் இல்லை. நான் தொலைபேசியில் விசாரித்தவரை தீவிலேயே இல்லை. வெளிநாட்டு நூலகத்திலிருந்து நகல் வரவழைக்கக் கூடத்தின் இயக்குநர் கையெழுத்து வேண்டும். போய்க் கேட்டேன். "நம்ம வேலை துணி, நுரையீரல் இல்லை" என்றார். கெட்டவர் அல்ல. தொழிற்சாலைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள், அவர்களைக் கண்டு அவருக்குப் பயம்.

அப்போது ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டுரை எழுதியவருக்கு இதழ்க்காரர்கள் அதன் தனிப்பிரதிகள் கொஞ்சம் கொடுப்பார்கள். முன்பின் தெரியாத எவரும் ஒரு அஞ்சலட்டை போட்டு, 'உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று தயவுசெய்து அனுப்புங்கள்' என்று கேட்கலாம். பணம் கிடையாது. அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதற்கென்றே அச்சிட்ட கார்டுகள் என் மேசையில் ஒரு கட்டு இருந்தன. கோடிட்ட இடத்தை நிரப்பி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கப்போகிறவர்தான் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விதி என்றால் எனக்குத்தான் உயிராயிற்றே! கார்டைப் பெஞ்சுக்கு எடுத்துப் போய் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னேன். பள்ளிக்கூடக் குழந்தை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

மறுநாள்தான் அடுத்த கார்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துக் கோட்டின் அடியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'ஆய்வாளர்' என்று அச்சாகியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். தராசுப் பெண்ணை ஆய்வாளராக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்! மிச்சமிருந்த கார்டுகளில் எல்லாம் அந்தச் சொல்லை மையால் அடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஊர்ல இதுக்கு அஞ்சு வருஷம் படிக்கணும். நீ ஒரே கார்டுல கொடுத்துட்டே."

ஏழாவது வாரம் ஒரு பழுப்பு உறை வந்தது. மேலே 'டாக்டர்' போட்டு அவள் பெயர். உள்ளே கட்டுரையின் மூன்று பிரதிகள், கையால் எழுதிய ஒரு கடிதம். சக ஆய்வாளருக்கு எழுதுவது போலவே எழுதியிருந்தார். எங்கள் தீவில் இந்தத் தொழில் இவ்வளவு வளர்ந்திருப்பது தனக்குத் தெரியாது என்றும், அங்கே அவள் என்ன கவனித்திருக்கிறாள், எந்தச் சாயம், எந்த நாட்களில் என்றும் கேட்டிருந்தார். பிரதிகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி.

நான் அந்த உறையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். யார் இந்த மனிதர்? நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. எங்களால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் உழைத்து எழுதியதை, தானே உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, ஒரு தீவில் இருக்கும் தெரியாத கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார். நானோ கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தவளுக்கு அலமாரியைத் திறக்கவில்லை. அன்று மாலை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் அளவுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஆங்கிலக் கடிதத்தை நான் என் ஓட்டைக் கிரியோலில் சொல்லச் சொல்ல அவள் கேட்டாள். 'டாக்டர்' என்ற இடத்தில் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்கச் சற்று நேரமாயிற்று.

"அவருக்கு எழுதுங்க மதாம், நான் டாக்டர் இல்லைன்னு. பொய் வேண்டாம். ஆனா அவர் கேட்டதுக்குப் பதில் என்கிட்ட இருக்கு."

அடுத்த வாரம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நோட்டுதான், பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு இருக்குமே, அது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்துத் தேதி, எடைபோட்ட சாயத்தின் நிறம், அதன் எதிரே சிலுவைக் குறிகள். இருமினால் ஒரு குறி. இரவு தூங்க முடியாவிட்டால் இரண்டு. வீட்டு வாசல்படி ஏற முடியாவிட்டால் மூன்று. இப்படி இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல்.

"டாக்டர் புகைன்னு சொன்னார்ல, அதனால இதையும் குறிச்சேன்" என்று ஓரத்தைக் காட்டினாள். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களுக்குப் பக்கத்தில் மட்டும் பச்சைப் பென்சிலில் ஒரு கோடு. பச்சைக் கோடு இல்லாத மாதங்களிலும் குறிகள் அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குறைந்தன. ஒரு பக்கத்தில் மூன்று நாட்களுக்கு எதிரே 'புயல்' என்று எழுதியிருந்தாள். மூன்றாம் எண் எச்சரிக்கை விட்டுத் தொழிற்சாலையை மூடிய நாட்கள். வெளியே காற்று கூரையைப் பிய்க்கிறது, ஈரமும் தூசியும் வீட்டுக்குள். அந்த மூன்று நாளும் ஒரு குறிகூட இல்லை.

"புயல்ல ஊரே மூச்சப் பிடிச்சுட்டு இருந்துச்சு மதாம். நான் மட்டும் நல்லா மூச்சு விட்டேன்."

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவள், யாரும் சொல்லித்தராமல், இதுவா அதுவா என்று பிரித்துப் பார்க்க வழி கண்டுபிடித்து, தன் மூச்சையே வைத்துச் சோதித்திருக்கிறாள். என் கண்ணாடி அலமாரியில் இருந்த எத்தனை கட்டுரைகள் இவ்வளவு நேர்மையாக இருந்தன என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நோட்டை அனுப்பினால் தொலைந்துபோகும், நகல் எடுக்க வேண்டும். இயந்திரம் உள்ளே இருந்தது. நோட்டைக் கையை விட்டுத் தர அவளுக்கு மனமில்லை. கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

"இது கோயில் இல்லம்மா, போட்டுட்டே வாங்க."

"அதுக்கில்ல மதாம். செருப்புல பொடி இருக்கும். நீங்க நாள் பூரா இங்க மூச்சு விடணும்ல."

வெளியே போய் இருமிவிட்டு வா என்று நான் சொன்னது இவளைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தின் பொத்தானைத் தேடுவது போல நின்றேன். இருந்த இடத்தில் பொத்தான் இருந்தது. கண்தான் மறைத்தது. முதல் தாள் சூடாக வெளியே வந்ததும் அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "என் எழுத்தா இது?" என்று மூலத்தையும் நகலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் தினம் நூறு முறை அழுத்தும் பொத்தான்தான். அன்றைக்கு எனக்கும் அது வித்தையாகத் தெரிந்தது.

அந்த வருடப் பரிசோதனையில் ஐரோப்பாக்காரரின் கட்டுரையைத் தொழிற்சாலை மருத்துவரிடம் காட்டினாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற தேசத்து ஆட்கள். இங்க காத்து வேற, கரும்பு வேற. இன்னொரு வருஷம் பார்ப்போம்" என்றாராம். இன்னொரு வருடம் என்றால் அதே அறையில், அதே தராசோடு.

ஐரோப்பாவிலிருந்து பதில் வந்தது. அவள் டாக்டர் இல்லை என்று நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோட்டை வைத்து ஒரு கட்டுரை எழுதலாமா, அவளும் சேர்ந்து எழுதச் சம்மதமா என்று கேட்டிருந்தார். அந்த வருடம் முழுக்கக் கடிதம் போவதும் வருவதுமாக இருந்தது. அந்தப் பொடிகளின் பெயர் என்ன, மேசை எவ்வளவு உயரம், வாயில் துணி கட்டியிருந்தாளா என்று அவர் கேட்பார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வாள், நான் எழுதுவேன். இல்லை, பெஞ்சில் இல்லை. அப்போது அவள் உள்ளே வந்துவிட்டாள். பலகை மட்டும் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. இருமல் கூடிக்கொண்டே போனது. என் மேசைக்கு வருவதற்குள் ஒருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

கட்டுரை அச்சாகிவிட்டது என்று கடிதம் வந்தபோது பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. தனிப்பிரதிகள் தபாலில் வருவதாக எழுதியிருந்தார். வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரித்தார். இதழ்க்காரர்களிடம் தொலைபேசியில் விசாரித்தேன். உரிமை அவர்களுடையதாம். நகல் வேண்டுமானால் பணம் கட்டி நிறுவனத்தின் மூலம் கேட்க வேண்டுமாம். இயக்குநரிடம் போனேன். மறுபடியும் நுரையீரல் பேச்சு.

எனக்கு வந்த கோபத்தைப் பற்றி என்ன சொல்ல! இருமல் அவளுடையது. நோட்டு அவளுடையது. இரண்டு வருடம் தூங்காத இரவுகள் அவளுடையவை. அதைப் படிக்க அவளுக்கு மட்டும் பா காஞ் த்ருவா. என் வாக்கியத்தை எடுத்து யாரோ என் முகத்திலேயே எறிந்தது போலிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். கணவர் தோசை ஊற்றிக்கொடுத்தார்.

அந்த வருடம்தான் எங்கள் கூடத்துக்கு, தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் அனுப்புகிற கணினி வந்திருந்தது. வெளிநாட்டுத் துணி வியாபாரிகளோடு பேசுவதற்காக வாங்கியது. இயக்குநர் அறையில் அதற்கு உறை போட்டு வைத்திருந்தார். ஐரோப்பாக்காரரின் கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே நடுவில் ஒரு சுழித்த எழுத்தோடு ஏதோ சேர்த்து எழுதியிருந்தது. ஏதோ கிறுக்கல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அவருடைய மின்னஞ்சல் முகவரி! இயக்குநரிடம் மூன்றாவது முறையாகப் போனேன். "காசு கேக்கல சார். அந்தப் பெட்டி ஐரோப்பா வரைக்கும் நிஜமாவே போகுமான்னு பார்க்கணும்" என்றேன். பெட்டியைச் சந்தேகப்பட்டதும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "போகுமாவா? இப்ப பாருங்க" என்று உறையை உருவினார். நான் சொன்னதை அவரே தட்டச்சு செய்தார். புதன்கிழமை மாலை அது.

வெள்ளிக்கிழமை காலை, அவள் மூட்டையோடு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இயக்குநர் ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார். "வந்திருக்கு! நாலு துண்டா வந்திருக்கு!" அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அறைக்குள் நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அச்சிட்ட பக்கங்கள் இதழ்க்காரருடையவை என்று அவர் எழுதியிருந்தார். ஆனால் தான் தட்டச்சு செய்த பிரதி தன்னுடையதும் அவளுடையதும்தான், இதோ முழுவதும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றும் எழுதியிருந்தார். கடிதத்துக்கு ஏழு வாரம் காத்திருந்தவர்கள் நாங்கள். கடல் தாண்டி, இரண்டு நாளில், கப்பலும் இல்லாமல் விமானமும் இல்லாமல், ஒரு கட்டுரை தொலைபேசிக் கம்பிக்குள் வந்து நிற்கிறது! இயக்குநர் அச்சு இயந்திரத்தை முடுக்கினார். அது வீறிட்டுக்கொண்டு வரிவரியாக அடித்தது. ஓரத்தில் துளையிட்ட தாள் மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதல் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்கு வராது, மற்ற வரிகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தாளில் அட்டவணை இறங்க ஆரம்பித்தது. தேதி, நிறம், அதன் எதிரே சிலுவைக் குறிகள். சட்டென்று குனிந்து, ஓடிக்கொண்டிருந்த தாளோடு விரலை நகர்த்தினாள்.

"மதாம், இது நான். இது என் செவ்வாய்க்கிழமை. இது மூணு குறி, அன்னைக்குப் படியிலேயே உட்கார்ந்துட்டேன்." விரல் இறங்கி நின்றது. "இங்க பாருங்க. புயல்."

வெறுமையாக மூன்று வரிகள். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூன்று வரிகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "எத்தனை நகல் வேணும், எடுத்துக்கொடுங்க" என்றார். துணி என்றும் சொல்லவில்லை, நுரையீரல் என்றும் சொல்லவில்லை.

"இத மத்தவங்களுக்கும் கொடுக்கலாமா மதாம்?" என்று அவள் கேட்டாள். "எங்க பக்கம் இன்னும் ரெண்டு சாயக் கம்பெனி இருக்கு. காஞ் த்ருவா?"

"காஞ் த்ருவா" என்றேன். உரிமை உண்டு. 'பா' இல்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கே பழகவில்லை.

பரிசோதனை அன்று நடந்ததை அவளே வந்து சொன்னாள். மருத்துவர் அட்டவணையை இரண்டு முறை படித்தாராம். புயல் வரிகளில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கரும்புக் காட்டைப் பார்த்தாராம். "இதுல முதல் பெயர் ஏதோ பேராசிரியர். இந்த ரெண்டாவது பெயர் யாரு?" என்று கேட்டாராம். "நான்தான்" என்றாளாம். வேலையால் வந்த நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் அவளைப் பொத்தான் தைக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். பெரிய ஜன்னல்கள் உள்ள கூடம்.

அதனால் வெள்ளிக்கிழமை வேனில் அவள் வருவது நின்றுபோனது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, வெறிச்சென்றும் இருந்தது. கதவிலிருந்த பலகையை ஒரு நாள் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினேன். யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மூட்டையோடு புதிதாக ஒருத்தி இறங்கினாள். நகக்கண்ணில் ஆரஞ்சு நிறம். பெஞ்சில் உட்கார்ந்து இருமினாள். அந்த அறையை யாரும் மூடிவிடவில்லையே, தராசுக்கு முன்னால் இன்னொருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். கதவைத் திறந்து, "உள்ள வந்து உட்காருங்க" என்றேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து பெருக்கல் வாய்ப்பாடு போட்ட நோட்டை எடுத்தாள். முதல் நாலு பக்கம் ஏற்கெனவே குறிகளால் நிரம்பியிருந்தது.

"முன்னாடி அங்க இருந்த அக்கா வாங்கிக் கொடுத்தாங்க. முதல் நாள்லேருந்து எழுதச் சொன்னாங்க. உங்ககிட்ட வந்தா ஒரு கார்டு தருவீங்கன்னும் சொன்னாங்க."

மேசையைத் திறந்து கட்டிலிருந்து ஒரு கார்டை உருவிக் கொடுத்தேன். அவள் பேனாவை எடுத்தாள். கோட்டுக்கு அடியில் அச்சாகியிருந்த சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மதாம், நான் சாயம் எடைபோடுறவ. இங்க நான் கையெழுத்துப் போடலாமா?"

"அங்கதாம்மா போடணும்" என்றேன்.